கொள்ளுச் செடி மேல் ஏறிய கார்

பூலாம்பாடியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு, குரும்பலூருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும். உதவியாக இருக்கட்டுமே என்று நானும் வேண்டுமென்றே அதன்மேல்தான் ஓட்டுவேன்.

அன்று செடியைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எனக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தார். பிரேக்கை அழுத்தினேன். கார் நிற்காமல் வழுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் நேராக அவரை நோக்கியே போய், அவர் புடவையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நல்லா ஏறிடுச்சுங்க சார். இன்னொரு வாட்டி வந்துட்டுப் போங்க."

காரை மெல்லப் பின்னுக்கு எடுத்து, அவரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பிரேக் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஊர்ந்துபோய், சற்றுத் தள்ளி வெறும் சாலையில் அழுத்திப் பார்த்தேன். கார் உடனே நின்றது. இறங்கிப் பார்த்தால் டயர் பள்ளமெல்லாம் கொள்ளு. உருளும் மணிகளுக்கு மேலே டயருக்குச் சாலையே கிடைக்கவில்லை.

இப்போது செடியைத் தூரத்தில் கண்டாலே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகிறேன். ஒதுங்க வழியில்லை என்றால், ஆட்கள் விலகும்வரை நின்று, நடை வேகத்தில் கடக்கிறேன்.

கனவில் மட்டும் அந்த அம்மா சிரித்தபடி இன்னொரு வாட்டி வரச் சொல்கிறார். நானும் போகிறேன். கார் நிற்பதில்லை.