மழைக்கு முன் ஒரு கோல்

கல்லூரிக் கால்பந்து அணியில் எனக்குக் கடைமடை என்று பெயர். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல்களை அப்படிச் சொல்வார்கள். நான் கோல்கீப்பர். "கடைமடைக்குத் தண்ணி வருதோ இல்லையோ, பந்து தவறாம வந்துடும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மற்ற பத்துப் பேரும் தஞ்சாவூரைச் சுற்றி வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள். நான் நாகப்பட்டினத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். அத்தாவுக்குக் கடைத்தெருவில் செருப்புக் கடை. எங்கள் வீட்டுக்கு நெல் அரிசியாகி, சிப்பத்தில்தான் வந்து சேரும்.

மண்டல லீக் என்று பெயர் மட்டும்தான் பெரிது. வட்டாரத்துக் கல்லூரிகள் சில கூடி வாரம் ஓர் ஆட்டம் ஆடுவோம், அவ்வளவுதான். அதை யார் தை மாதத்தில் வைத்தார்களோ, அவர்களை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. சம்பா அறுவடையும் அப்போதுதான். அறுப்பு மெஷின் ஊருக்குள் வந்த அன்றைக்கே அறுத்தாக வேண்டும், விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆட்டத்தன்று காலையில் எனக்குப் போன் வரும். "மச்சான், மெஷின் வந்துடுச்சுடா." அதற்கு மேல் பேச்சே கிடையாது. பட்டுக்கோட்டையில் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஆடித் தோற்றோம். இன்னோர் ஊரில், இரவெல்லாம் டிராக்டரில் மூட்டை ஏற்றிவிட்டு வந்த எங்கள் ரைட் பேக் நின்றபடியே தூங்கினான். பந்து அவன் முழங்காலில் பட்டபோதுதான் விழித்தான். பி.டி. சாரும் அலுத்துப் போயிருந்தார். "கை கால் உடையாம வந்து சேருங்கப்பா, போதும்" என்பார்.

எனக்கு அது போதாது. அது என் கடைசி வருஷம். லீக்கில் தேறினால் அடுத்த சுற்றுக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள். அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்கு முயற்சி செய்யலாம். இல்லாவிட்டால் துபாய். அங்கே கிடங்கில் வேலை பார்க்கும் மாமா எனக்கும் இடம் பார்த்து வைத்திருந்தார். "மாமா விசா அனுப்புறேங்குறாங்க, நீ ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறியே" என்று அத்தா ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் போனில் கேட்பார். ஆட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். திருச்சிக் கல்லூரி ஒன்றுடன், எங்கள் மைதானத்திலேயே. ஜெயித்தால் அடுத்த சுற்று. டிரா செய்தாலும் வெளியேதான். அதிசயமாக அன்றைக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் போட்டோம். பிறகு அதைக் காப்பாற்றுவதே என் வேலையாகிவிட்டது. கை எரிய எரிய எல்லாவற்றையும் தட்டிவிட்டேன்.

மைதானத்தை ஒட்டி ஒரு சிமென்ட் கூடைப்பந்துத் தளம் உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் அங்கே கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போவார்கள். வாட்ச்மேனும் கண்டுகொள்ள மாட்டார். அன்றும் தளம் முழுக்க நெல் கிடந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் கிழக்கே கறுத்தது. ஈரக்காற்று ஒன்று அடித்தது, சொட்டென்று ஒரு துளி என் கையுறையில் விழுந்தது. "டேய், நெல்லு!" என்று ரைட் பேக் கத்தினான். கத்திக்கொண்டே ஓடினான். அவன் பின்னால் ஒருவன், அப்புறம் இன்னொருவன், அப்புறம் மொத்தப் பேரும். கோல் போட்ட எங்கள் ஃபார்வர்டு உட்பட. நெல்லைக் காலால் தள்ளிக் குவிக்கிறார்கள், தார்ப்பாயை இழுக்கிறார்கள். ரெஃபரி விசிலை வாயில் வைத்தபடியே நின்றார், ஊதவில்லை. "வாங்கடா! ஆட்டம் முடியலடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவன்கூடத் திரும்பவில்லை.

பந்து வைத்திருந்த திருச்சிக்காரன் கொஞ்சம் தயங்கினான். பிறகு பந்தை உருட்டிக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தான். முன்னால் பாய்ந்தேன். ஒதுங்கிப் போய் வலைக்குள் தள்ளிவிட்டான். தப்புச் செய்தவனைப் போல அவன் கொண்டாடக்கூட இல்லை.

எங்கள் ஆட்கள் முடியெல்லாம் பதரோடு, தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ரைட் பேக் என் மேல் பாய்ந்தான்.

"நீ ஏன்டா வரல? ஆளு பத்தாம மூலையில பாதி நனைஞ்சு போச்சு!"

எனக்கு வந்த கோபத்தில் பந்தை வலையிலிருந்து எடுத்து நடு மைதானத்துக்கு ஓங்கி உதைத்தேன். மிச்சமிருந்த நேரம் சேற்றில் சும்மா உருண்டோம். டிராவாகவே முடிந்தது.

ஷூவைக் கழற்றும்போது அவனிடம் கேட்டேன். "உங்க வீட்டு நெல்லா?"

"இல்லடா."

"பின்ன யாருது?"

மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களுக்கும் தெரியவில்லை.

"யாருதுன்னு பாத்தா ஓடுவாங்க? நெல்லுடா" என்றான்.

அவன் முகத்தில் கோபமில்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதே அவனுக்குப் புரியவில்லை. மூன்று வருஷம் ஒரே அணியில் ஆடியவர்களுக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. விடுதிக்கு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் அத்தாவுக்குப் போன் போட்டேன்.

"மாமாகிட்ட சரின்னு சொல்லிடுங்க."