படகுக்கு அடியிலிருந்து வந்த பதில்

காணாமற்போன பொருளைத் தேடித் தருபவர் புனித அந்தோணியார். சாவியைத் தொலைத்த எல்லாருக்கும் இது தெரியும். அவரிடம் போய், ஒரு நாயைக் காணாமற்போகச் செய்யும்படி வேண்டிக்கொண்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் மெழுகுவத்தி ஏற்றி வைத்து.

கடவுள் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல வந்தவன் இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். எனக்கும் வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால், கடவுள் எனக்குச் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது.

நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவன். வீடு முழுக்கப் புத்தகம். கருணையைப் பற்றி மட்டும் இரண்டு அலமாரி இருக்கிறது. எங்கள் தெருமுனையில் அந்தோணியாருக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. செவ்வாய்க்கிழமை மாலை அங்கே நவநாள் வழிபாடு. நேர்ச்சை செய்தவர்கள் கொண்டுவரும் நீள ரொட்டிகளை ஆசீர்வதித்துத் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் மன்றாட்டு மாலை என்ற ஜெபப் பாட்டு. ஒருவர் ஒவ்வொரு வரியாகப் பாட, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வார்கள். பல வருடமாக அந்த ஒருவர் நான்தான். என் குரலைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் உண்டு.

அந்த அபிப்பிராயத்தை ஏற்றுக்கொள்ளாத ஜீவன் ஒன்று வாசலில் உட்கார்ந்திருந்தது.

தவிட்டு நிறத்தில் ஒரு தெருநாய். முன்னங்கால் இரண்டும் வெள்ளை, கையுறை போட்டதுபோல. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கும். அதனால், பிரெஞ்சுக்காரச் சீமாட்டியைச் சொல்வதுபோல, தெருவே அதை மதாம் என்று கூப்பிட்டது. ரொட்டிக்காகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வரும். ஃபாதர் பிரசங்கம் செய்தால் அமைதி. சிறுமிகள் பாடினால் அமைதி. நான் வாயைத் திறந்தால் மட்டும் முகத்தை மேலே தூக்கி ஊளையிடும். இடையில் புகுந்து தொந்தரவு செய்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரி முடிந்ததும், மக்கள் பதில் சொல்ல வேண்டிய அதே இடத்தில், அவர்களோடு சேர்ந்து ஊளையிடும். ஜனங்கள் முந்தானையிலும் கைக்குட்டையிலும் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். என் மனைவி ரெஜினா மறைத்துக்கொள்வதுகூட இல்லை.

திருவிழாச் செவ்வாயன்று வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மதாமுக்கும் அன்று நல்ல உற்சாகம். பீடத்தருகே நின்ற பூசை உதவியாளர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். "அந்தோணியாரே, இந்த நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும்." படித்தவன் இல்லையா, "நல்ல இடமாகவே இருக்கட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் மதாம் வரவில்லை. நான் அருமையாகப் பாடினேன். யாரும் சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் செல்வி வந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவருபவள். எங்கள் தெருவில் வியாபாரம் முடிந்ததும் மதாமுக்கு மீன்தலை போட்டுவிட்டுத்தான் போவாள்.

"வாத்தியாரே, உங்க மதாம பாத்தீங்களா? தலையில பிளாஸ்டிக் ஜாடி மாட்டிக்கினு சுத்துதாம். எந்தப் புண்ணியவானோ நெய்யி வழிச்ச ஜாடிய அப்பிடியே தெருவுல போட்டுட்டான். உள்ள தலைய வுட்டுடுச்சி. வெளிய எடுக்க முடியல."

"யாராவது பிடிச்சு எடுத்துவிட வேண்டியதுதானே?"

"புடிக்க வுட்டாதானே? கிட்ட போனா செவுத்துல முட்டிக்கினு ஓடுது. தண்ணி கூட குடிக்க முடியாது. பாவம், என்னா பாவம் பண்ணுச்சி அது?"

அது பண்ணிய பாவம் என்னவென்று எனக்குத் தெரியும். என் பாட்டுக்குப் பதில் சொன்னது.

கத்திரி முடிந்தும் வெயில் தணியாத நேரம். தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டேன். வேலை வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், தலைமுடி கொட்டாமல் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எதுவும் இவ்வளவு சீக்கிரம் கிடைத்ததில்லை. இதை மட்டும் மேலே இருப்பவர்கள் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

ரெஜினா யார் யாருக்கோ போன் செய்து ஷாலினியை வரவழைத்தாள். வங்கியில் வேலை செய்கிற பெண். அடிபட்ட நாய் பூனைகளை நண்பர்களோடு சேர்ந்து மீட்கிறவள். ஸ்கூட்டரில் வலை, துண்டு, கத்தரிக்கோல் எல்லாம் வைத்திருந்தாள். கடற்கரைக்குப் போகும் சந்தில் மதாமைப் பார்த்துவிட்டோம். ஒரு சுவரோரம் நின்றிருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜாடி. மூச்சு விட விட ஜாடி வெளுத்தது, தெளிந்தது, மறுபடி வெளுத்தது.

"யாரும் அசையாதீங்க," என்றாள் ஷாலினி மெதுவாக.

நான் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பாவம் செய்தவனுக்கு வரும் அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலடிச் சத்தம் கேட்டதும் மதாம் ஒரு மோட்டார் சைக்கிளில் மோதி, எழுந்து, படகுகள் நிற்கும் மணல் பக்கம் பாய்ந்து மறைந்துவிட்டது.

"அங்கிள், உங்கள யாரு ஓடச் சொன்னா?"



அன்று முழுவதும் தேடினோம். வைத்திக்குப்பத்தில் ஒவ்வொரு சந்தாக நுழைந்தோம். யாரோ சொன்னார்கள் என்று தேங்காய்த்திட்டு துறைமுகம்வரை போய் வந்தோம். அங்கே எங்களைப் பார்த்த நாய்கள் எல்லாம் முழுத் தலையோடு நலமாக இருந்தன. மறுநாள் மதியம் ஷாலினி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "அங்கிள், உண்மையச் சொல்லிடறேன். இந்த வெயில்ல, தண்ணி இல்லாம, இன்னிக்குள்ள கிடைக்கலைன்னா அவ்வளவுதான்."

நான் நேராக ஃபாதரிடம் போனேன். மெழுகுவத்தி விஷயத்தைச் சொன்னேன். நான் கேட்டதால்தானே இப்படி ஆயிற்று என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"கடவுள் என்ன நாய் புடிக்கற வண்டியா சார், நீங்க கூப்பிட்டா வந்து ஏத்திக்கிட்டுப் போக?" என்றார். "ஜாடிய தெருவுல போட்டது மனுசன். அத கடவுள் தலையில மாட்டாதீங்க. நீங்க கேட்டது தப்பு, அவ்வளவுதான். போய் ஒழுங்காக் கேளுங்க."

கடற்கரைக்குத் திரும்பினேன். ஷாலினி படகுகளுக்கு இடையே தேடிக்கொண்டிருந்தாள். செல்வி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகின் நிழலில் மண்டியிட்டேன். முழங்கால் ஒத்துழைக்காததால் உட்கார்ந்துவிட்டேன். ஜெபிக்க வேண்டும். ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு அலமாரிக் கருணையில் ஒரு வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. வாய்க்குப் பழக்கமானது ஒன்றுதான் இருந்தது. மன்றாட்டு மாலையை முணுமுணுக்க ஆரம்பித்தேன்.

"வாய்க்குள்ளயே மென்னா சாமிக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றாள் செல்வி. "செவ்வாக்கெழம தெருவே அதிர்ற மாரி பாடுவீங்களே, அப்பிடிப் பாடுங்க வாத்தியாரே!"

பாடினேன். பட்டப்பகலில், மீன் காயும் மணலில், ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதன். வலை பின்னியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பதில் சொல்ல ஆள் இல்லாமல் ஓர் இடைவெளி விழுந்தது. செல்விக்கு அது பொறுக்கவில்லை. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். "வேண்டிக்கோ சாமி," என்று தன் பாணியில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். வலைக்காரர்களில் ஒருவரும் சேர்ந்துகொண்டார். "காணாமற்போனவற்றைத் தேடித் தருபவரே," என்ற இடத்துக்கு வந்தேன். அந்த வரியை எத்தனையோ செவ்வாய் பாடியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"வேண்டிக்கோ சாமி," என்றார்கள் இரண்டு பேரும்.

மூன்றாவதாக ஒரு குரலும் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மெலிதாக, நீளமாக.

நிறுத்தினேன். அதுவும் நின்றது.

"அங்கிள், நிறுத்தாதீங்க! பாடுங்க!" என்று கத்தினாள் ஷாலினி.

என் வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண்ணீர் மூக்கு வழியாக எல்லாம் வந்தது. பாடினேன். ஒவ்வொரு வரிக்கும் பதில் வந்தது. கொஞ்சம் தள்ளி, பக்கம் உடைந்துபோன ஒரு பழைய படகு கட்டைகளின்மேல் நின்றிருந்தது. அடியில் கிழிந்த வலைக் குவியல். பதில் அங்கிருந்துதான்.

வலைக்காரர்கள் சத்தமில்லாமல் படகின் இரண்டு பக்கமும் வலையை இறக்கினார்கள். ஷாலினி துண்டோடு தவழ்ந்து உள்ளே போனாள். அது ஓடாமல் இருக்க வேண்டும் என்றால் நான் பாடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மணலில் குப்புறப் படுத்து, படகுக்கு அடியில் முகத்தை நீட்டிப் பாடினேன். மன்றாட்டு மாலை முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். புனிதர்களும் சலித்திருப்பார்கள்.

"பிடிச்சிட்டேன்!"

வெளியே கொண்டுவந்தோம். ஷாலினி முதலில் ஜாடியின் அடிப்பக்கத்தை வெட்டிக் காற்று போக வழி செய்தாள். ஜாடியின் வாய்ப்பகுதி கழுத்தில் இறங்கிப் புண்ணாகியிருந்தது. எண்ணெய் விட்டும் நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் நான்தான் உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விலா எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. என்னுடையதும்தான். ஜாடி கழன்று விழுந்ததும் மதாம் பெரிதாக ஒரு மூச்சு விட்டது. என்னைப் பார்த்தது. கடிக்கப் போகிறது, கடிக்கட்டும் என்று இருந்தேன். என் முகத்துக்கு நேராக ஒரு தும்மல் போட்டுவிட்டு, செல்வி வைத்த தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

கால்நடை மருத்துவர் கழுத்துப் புண்ணுக்குத் தையல் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பிழைத்துக்கொள்ளும் என்றார். பிழைத்துக்கொண்டது. பிறகு தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் ஷாலினி பார்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று ரெஜினா முடிவு செய்தாள். என்னைக் கேட்கவில்லை. இப்போது நான் வகுப்பெடுக்கிற அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே அதன் இடம்.

என் இடமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாலினியோடு வீடு வீடாகப் போகிறேன். ஜாடியைக் குப்பையில் போடுவதற்கு முன் மூடியை இறுக்கி மூடுங்கள், இல்லையென்றால் இரண்டாக வெட்டிப் போடுங்கள் என்று சொல்கிறோம். வெயில் காலத்தில் வாசலில் ஒரு பாத்திரம் தண்ணீர் வையுங்கள் என்று சொல்கிறோம். சிற்றாலய வளாகத்தில் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஒரு நாள் ஒதுக்கித் தந்தார் ஃபாதர். எல்லாரும் வரவேற்றார்கள் என்று சொன்னால் பொய். ஒருவர், "மனுசனுக்கே கொழாயில தண்ணி வரல, நாய்க்கு வெக்கறாராம்," என்று கதவைச் சாத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் அவர் வீட்டுப் படியோரம் விளிம்பு உடைந்த ஒரு பானை, நிறையத் தண்ணீரோடு இருந்தது.  

அன்புக்குரியவர்களே, நான் பெரிய பக்தன் இல்லை. ஜெபத்தை ஒழுங்காகக் கேட்கக்கூடத் தெரியாதவன் என்பதை மெழுகுவத்தியோடு நிரூபித்தவன். ஆனாலும் கடவுள் கேட்டார். தப்பாகக் கேட்டதை மன்னித்து, சரியாகக் கேட்டதைக் கொடுத்தார். எனக்கு எது குறை என்று நினைத்தேனோ அதையே வழியாக வைத்து ஓர் உயிரைக் காப்பாற்றினார். உங்களுக்கும் ஏதாவது தொலைந்திருக்கலாம். நிம்மதியாக இருக்கலாம், ஒரு மனிதராக இருக்கலாம். வாய்க்குள் முணுமுணுக்காதீர்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்பவர் அதைப் பார்ப்பதில்லை. கேட்டுவிட்டு, எழுந்து தேடவும் போங்கள். நம்புங்கள். எங்கிருந்தாவது பதில் வரும்.

இதையெல்லாம் போன செவ்வாய்க்கிழமை நவநாளில் எழுந்து நின்று சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரொட்டி கொடுத்து முடிந்ததும், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஓர் ஆத்துமா தொடப்பட்டிருக்கிறது என்று நான் தலையைக் குனிந்து நின்றேன்.

"எங்க ஊட்டு சேவலு காணல சார்," என்றார் அந்த அம்மா. "நீங்க சிரமப்பட்டு வர வாணாம். அந்தப் பாட்ட இந்த செல்லுல பதிஞ்சி குடுத்துடுங்க, போதும். நானே தெருத்தெருவா போட்டுப் பாத்துக்கறேன்."