தீர்த்தம் குடித்த பேட்டரி

கரையான்சாவடியில் பேட்டரிக் கடைகளைத் தாண்டும்போது அந்த ஆசிட் நெடி மூக்கில் ஏறினால் மற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். கஜபதி மட்டும் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பான். எண்பத்தொன்பதாம் வருஷம் முழுக்க அவன் சட்டையில் அந்த நெடிதான் வீசியது. ஆசிட் தெறித்துத் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த அந்தச் சட்டையை அவன் அம்மா சல்லடை என்றே சொல்லுவாள். பத்து வருஷம் ஆகப்போகிறது, காதோரம் நரைத்துவிட்டது, அந்த நெடிக்கு மட்டும் இன்னும் மயங்குகிறான். ஊரில் ஒவ்வொருத்தனுக்கு மல்லிகைப்பூ, தாழம்பூ என்று ஏதாவது இருக்கும். இவனுக்கு வாய்த்தது இது.

அப்போது அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. வீடு திருவேற்காட்டில். அப்பா இல்லை, அம்மா வேம்புலியம்மாள், தங்கை சுசீலா, இவன், அவ்வளவுதான் குடும்பம். சுசீலாவுக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கால்கள் கொடுக்காததை எல்லாம் கைகள் கொடுத்தன. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்துவிட்டாள். ஆபீஸ் மேனேஜர் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: தை மாதம் வரைக்கும் பார்ப்போம், தப்பில்லாமல் அடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம்.

சிக்கல் அவள் போகிற வழியில் இருந்தது. அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தது. கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. திருவேற்காட்டிலிருந்து வேலப்பன்சாவடி வரைக்கும் குண்டும் குழியுமான ரோட்டில் அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் விரல்கள் நடுங்கும். நடுங்குகிற விரலால் டைப் அடித்தால் ஓர் எழுத்துக்குப் பக்கத்து எழுத்து விழும். காலையில் அவள் அடிக்கும் தாள்கள் எல்லாம் மேனேஜரின் சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“நான் சைக்கிள்ல குந்த வச்சி கொண்டுபோய் உட்டுட்றேன் சுசீ” என்றான் கஜபதி.

“வாணாம்ணா. மூட்டை மாதிரி என்ன ஏத்தி எறக்கறத எல்லாரும் பாக்கறாங்க. நானா போவணும். இல்லாங்காட்டி இந்த வேலையே வாணாம்.”

சொன்னால் சொன்னதுதான். அவள் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்வாள். அம்மாவிடமிருந்து வந்தது என்று ஊரே சொல்லும்.

கஜபதியின் பட்டறைக்கு எதிரே இருந்த பெரிய கம்பெனியில் பேட்டரியில் ஓடும் டிராலி ஒன்று இருந்தது. டன் கணக்கில் இரும்பை ஏற்றிக்கொண்டு புகையில்லாமல், சத்தமில்லாமல் நாள் முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பழைய அம்பாசிடர் காரின் டைனமோ ஒன்றைத் தேடிப் பிடித்தான். சுற்றினால் கரண்ட் தருகிற டைனமோவுக்குக் கரண்டைக் கொடுத்தால் அது சுற்றும் என்பது பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதைத் தங்கை வண்டியின் அடியில் வெல்டு வைத்து, சைக்கிள் செயின் போட்டு, பின் சக்கரத்தோடு சேர்த்தான். வண்டி தயார். அதை இழுக்கிற மாட்டுக்கு, அதாவது பேட்டரிக்கு, எங்கே போவது?

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் பழைய லாரி பேட்டரி ஒன்று மலிவாகக் கிடைத்தது. முதல் வாரம் வண்டி பறந்தது. அடுத்த மாதம் நடந்தது. அதற்கடுத்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று வாங்கினான், அதுவும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். இரண்டாவது பேட்டரியைச் சைக்கிளில் கட்டித் தூக்கிக்கொண்டு கரையான்சாவடி துலுக்கானத்தின் பேட்டரிக் கடைக்குப் போனான். துலுக்கானம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னா மாமே, இது லாரிய ஸ்டார்ட் பண்ற பேட்டரி. ஒரே மூச்சுல தம் கட்டி ஒரு ஒதை ஒதைக்கும், அத்தோட அதும் வேலை முடிஞ்சிச்சி. நீ இத்த நாள் பூரா வண்டி இழுக்கச் சொன்னா இன்னாத்துக்கு ஆவும்? டிராலிக்குப் போட்றாங்க பாரு, தகடு தடியா கீற பேட்டரி, அதான் இழுக்கும்.”

“அது இன்னா வெல?”

துலுக்கானம் சொன்ன விலையைக் கேட்டுக் கஜபதி தன் லாரி பேட்டரியை மறுபடி சைக்கிளில் கட்டினான். அந்த விலைக்கு இரண்டு எருமை வாங்கலாம்.

அப்புறம் அவன் அலைந்த அலைச்சல்! ஆவடியில் ஏலம் எடுப்பவர்கள், பாடியில் பழைய இரும்புக் கடைகள், டெலிபோன் ஆபீசில் கழித்துக் கட்டியதாகக் கேள்விப்பட்ட ஏதோ ஒரு செட் என்று ஓய்வு நாளெல்லாம் சுற்றினான். கடைசியில் பார்த்தால் தேடிய மருந்து அவன் வேலை பார்த்த எஸ்டேட்டுக்குள்ளேயே இருந்தது. உலகநாதன் என்பவரின் ஸ்கிராப் குடோனில் ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் ஃபேனுக்கும் போடுகிற பேட்டரி செல்கள் கழிக்கப்பட்டு ஏலத்தில் வந்து குவிந்திருந்தன. அம்மிக்கல் மாதிரி கனக்கும் கறுப்புப் பெட்டிகள். உலகநாதன் அவற்றை ஈயத்துக்காக உடைத்து உருக்க அனுப்புவார். அவருக்குச் செல் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்பதெல்லாம் ஒன்றுதான். தராசில் ஈய எடை, அந்த விலை.

கஜபதி மூன்று மூன்று செல்களாகச் சேர்த்து ஒரு ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பை மாட்டுவான். எரியவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்த் தினத்தாளை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு வருவான். வந்து பார்க்கும்போதும் பல்பு வெள்ளையாக எரிந்தால் அது தேறியது. மங்கினால் ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி டீக்கடை. சனிக்கிழமை சாயங்காலங்கள் இப்படியே போயின.

“பொண்ணு பாக்க வந்தவன் கூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டான்பா” என்பார் உலகநாதன். “உனக்கு ஒரு பொண்ண இப்பிடிப் பாத்திருந்தா இந்நேரம் கொழந்த கீழ வெளையாடும்.”

ஆறு செல்கள் தேறின. ஆடி மாதம் ஒரு காலையில் சுசீலா சுவிட்சைப் போட்டாள். டைனமோ கொசு மாதிரி மெல்லிசாக ரீங்கரித்தது, வண்டி நகர்ந்தது. பக்கத்து வீட்டு ராணியின் நாய்க்கு அந்த ரீங்காரம் ஆகவே ஆகாது. மனுஷருக்குச் சரியாகக் கேட்காத அந்தச் சத்தத்துக்கு அது துள்ளியெழுந்து, குரைத்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடியது. தினமும் அதே கூத்துதான். சுசீலா திரும்பிப் பார்த்து நாய்க்கு டாட்டா காட்டிக்கொண்டு போவாள். விரல்கள் நடுங்குவது நின்றது. சிவப்பு வட்டங்கள் குறைந்தன, பிறகு இல்லாமலே போயின. அந்த மூன்று மாதமும் கஜபதி தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பேட்டரிக்குத் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும். துலுக்கானம் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து வைத்திருப்பான். அம்மாவிடம் பல தடவை சொல்லியிருந்தான்: “யம்மா, இதுல பைப்பு தண்ணி, கெணத்துத் தண்ணி எதுவும் படக் கூடாது. சுத்தமான தண்ணிதான் ஊத்தணும். கெட்ட தண்ணி பட்டா செத்துடும்.” வேம்புலியம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆனால் இதை அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டதுதான் வினை.

ஆயுத பூஜை வந்தது. கஜபதி வண்டியைக் கழுவித் துடைத்து, தண்ணீர் ஊற்றலாம் என்று செல்களின் மூடிகளைத் திறந்து வைத்தான். பட்டறையில் பூஜைக்கு நேரமாகிவிட்டது, வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போனான். பொரி கடலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தால் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பக்கத்தில் அம்மா, கையில் பித்தளைச் செம்போடு, கல்யாணப் பெண்ணின் தாயார் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

“நைனா, தண்ணி நானே ஊத்திட்டேன்டா. பைப்பு தண்ணி இல்ல, பயப்படாத. கோயிலுக்குப் போய் அம்மன் தீர்த்தம் வாங்கியாந்து ஆறுலயும் ஊத்திட்டேன். இத்தவிட சுத்தமான தண்ணி எங்க கீது? எம் பொண்ண இந்த வண்டி என்னிக்கும் நடுரோட்ல உடக் கூடாதுன்னு வேண்டிகினேன்.”

கஜபதி குனிந்து பார்த்தான். ஆறு துளையிலும் மஞ்சள். ஒன்றில் வேப்பிலை மிதந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுசீலாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

“நல்லா பண்ணேம்மா” என்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான்.

மறுநாள் அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துச் செல்களைத் துலுக்கானம் கடைக்குக் கொண்டுபோனான். “இன்னா அண்ணாத்தே, பேட்டரிக்குக் கூழ் ஊத்திட்டியா?” என்று கேட்ட துலுக்கானம் விஷயம் தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். இரண்டு பேருமாக ஆசிட்டைக் கொட்டி, கழுவி, புது ஆசிட் ஊற்றி, சார்ஜ் போட்டுப் பார்த்தார்கள். ஏற்கனவே ஓடித் தேய்ந்த செல்கள். மூன்று எழுந்திருக்கவே இல்லை, மற்ற மூன்றுக்கும் வண்டியை இழுக்க வலுவில்லை. உலகநாதன் குடோனிலோ பழைய குவியல் முழுக்க உருக்கப் போய்விட்டது. அடுத்த ஏலச் சரக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

“அம்மாக்குத் தெரியக் கூடாதுண்ணா” என்றாள் சுசீலா. “தன்னாலதான் போச்சின்னு தெரிஞ்சா சோறு துன்னாது. வண்டி ஓடாங்காட்டியும் ஓட்ற மாதிரி போலாம். அதுக்குத்தான் காது கேக்காதே.”

“அப்ப உன் கை?”

“நீ தள்ளு” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவன் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அன்றிலிருந்து நாடகம் ஆரம்பமானது. செத்த செல்களை வண்டியில் மாட்டி வைத்துவிட்டு, அம்மா வாசலில் நிற்க, சுசீலா சுவிட்சைப் போடுவாள். கஜபதி ஏதோ பேசிக்கொண்டே போகிறவன் போலச் சைக்கிளில் பக்கத்தில் வருவான். இடது கை மட்டும் அவள் சாய்மானத்துக்குப் பின்னால் இருக்கும். ஒரு கையால் சைக்கிள், ஒரு கையால் தங்கை. வேலப்பன்சாவடியில் அவளை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் அம்பத்தூருக்கு மூச்சிரைக்க மிதித்துப் போவான். சாயங்காலம் திரும்பும்போதும் அதே தள்ளல்தான். பட்டறையில் தினமும் பேச்சு வாங்கினான். மழைக்காலம் வேறு. ரோடு சேறாகி, சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஆனாலும் அந்த ரோட்டில் அவர்கள் பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும் இருக்கிறதே, அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மேனேஜர் எப்படி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார் என்று அவள் நடித்துக் காட்டுவாள். இவன் சிரித்துத் தடுமாறி இரண்டு வண்டியும் பள்ளத்தில் இறங்கும்.

வீட்டில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது. தீர்த்தச் செம்பு அலமாரியில் கவிழ்ந்தே கிடந்தது. அம்மா கோயிலுக்கு வெறும் கையோடு போய் வந்தாள். கஜபதி பார்த்தான், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கார்த்திகை முடியும்போது உலகநாதன் ஆள் அனுப்பினார். புதுச் சரக்கு. மறுபடி பல்பு, மறுபடி டீக்கடை, மறுபடி ஆறு செல்கள். தை மாதம் சுசீலாவுக்கு வேலை நிரந்தரமானதும், அவள் ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுத்ததும் பிற்பாடு. ஆனால் கஜபதியிடம் கேட்டால் அந்த நாளைச் சொல்ல மாட்டான். மார்கழியில் புது செல் மாட்டிய காலையைத்தான் சொல்லுவான்.

அன்றைக்கும் அம்மா வாசலில் நின்றாள். சுசீலா சுவிட்சைப் போட்டாள். கஜபதி பழக்க தோஷத்தில் சைக்கிளில் ஏறி இடது கையைச் சாய்மானத்தில் வைத்தான். கைக்கு அடியில் டைனமோ அதிர்வது தெரிந்தது. தள்ள வேண்டியதில்லை என்று தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

“கைய எடுண்ணா” என்றாள் சுசீலா. திரும்பிப் பார்க்காமல், மெதுவாகத்தான் சொன்னாள்.

எடுத்தான். வண்டி அவனை விட்டுவிட்டு முன்னே போனது. ராணி வீட்டு நாய் எங்கிருந்தோ துள்ளிப் பாய்ந்து, குரைத்துக்கொண்டே வண்டியைத் துரத்தி ஓடியது. சுசீலா கையைத் தூக்கி அதற்கு டாட்டா காட்டினாள். கஜபதி நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்தி நின்றான். சந்தோஷம்தான். ஆனால் சும்மா தொங்கிய இடது கையை என்ன செய்வதென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

பின்னால் அம்மா வந்து நின்றாள்.

“ஆயுத பூஜைக்கி அப்பால இன்னிக்கித்தான்டா அந்த நாயி எழுந்து ஓடுது” என்றாள்.

அவன் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தெருமுனையில் சின்னதாகிப் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், அலமாரியில் கவிழ்ந்து கிடந்த செம்பை எடுத்துப் புளி போட்டுத் துலக்க ஆரம்பித்தாள்.