வேங்கடேசனின் மாத்திரைப் பை

ஓமந்தூருக்குக் கிழக்கே, ஓடை வளையும் இடத்தில், ஊராட்சியின் குடிநீர்க் கிணறு இருக்கிறது. கிணற்றுக்கு நாற்பது அடி மேல்புறம்தான் கருமாதித் துறை. இறந்தவரின் பாயையும் தலையணையையும் ஊரார் அங்கேதான் தண்ணீரில் விடுவார்கள். கூடவே மருந்துப் பையும் போகும். செத்தவர் விழுங்கிய மாத்திரை வீட்டில் இருக்கக் கூடாது. குப்பையில் போட்டால் மாடு தின்றுவிடும். இந்த இரண்டு எண்ணத்திலும் தீமை கிடையாது. ஆனால் அந்த ஓடைத் தண்ணீர்தான் கிணற்றில் ஊறுகிறது, அதைத்தான் ஊர் குடிக்கிறது.

கிணற்று மோட்டாரை இருபத்திரண்டு ஆண்டுகளாக இயக்கி வருபவர் புகழேந்தி. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அகராதி வைத்துக்கொண்டு படித்தே பாதி விஷயம் கற்றார். மீதியைத் தண்ணீர் சோதிக்க வந்த அதிகாரிகளை நச்சரித்துக் கற்றார். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்த மருந்தையும் அது போக்கிவிடும் என்று நம்ப முடியாது. ஆன்டிபயாடிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் கலந்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு நோயாளிக்கு அதே மருந்து கேட்காமல் போகலாம். சில வலி மாத்திரைகள் மீனின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவற்றை அறிந்த நாள் முதல், சாவு விழுந்த வீட்டுக்குக் கருமாதிக்கு இரண்டு நாள் முன்பே போய், துக்கம் விசாரித்துவிட்டு, மருந்துப் பையைக் கேட்டு வாங்குவார். எண்ணிப் பட்டியல் எழுதுவார். திண்டிவனத்தில் மருத்துவக் கழிவு ஏற்றிப்போகும் வண்டியில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்.

"எனக்கு ஒரு லெட்டர் எழுதினது கெடையாது. செத்தவங்க மாத்திரைக்கு மூணு பைலு," என்பாள் அவர் மனைவி வெண்ணிலா.

அந்த மூன்று பைல்கள்தான் அவர் வேலையைக் காத்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன், பிணத்தின் மாத்திரையை வாங்கி விற்கிறார் என்று பக்கத்துத் தெரு வேங்கடேசன் மனுப் போட்டார். நான்கு மாதம் பணியிடை நீக்கம். விசாரணையில் புகழேந்தி முப்பத்தெட்டு ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்தார். குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மனுப் போட்டவர் மட்டும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

இப்போது அந்த வேங்கடேசன் இறந்துவிட்டார். இரண்டு ஆண்டு சர்க்கரை, ஆறாத கால் புண். பை பெரிதாகத்தான் இருக்கும். கருமாதி நெருங்கியும் புகழேந்தி அந்த வாசல் ஏறவில்லை.

"போய்க் கேளுய்யா. அடிச்சா வாங்கிக்கினு வா, நான் மருந்து போடறேன்," என்றாள் வெண்ணிலா.

"எழவு வூட்ல போய் நின்னா, மனுவுக்குப் பழி வாங்க வந்தான்னு சொல்லுவாங்க."

"ஓடையில உட்டா நாமதான குடிக்கணும்?"

கருமாதி அன்று காலை, துறையில் விடுவது கிணற்றுக்குள் இழுக்கப்படாமல் இருக்க, வழக்கம்போல் மோட்டாரை நிறுத்திவிட்டுப் புகழேந்தி துறைக்குப் போய் நின்றார். சடங்கு முடிந்தது. வேங்கடேசனின் மகன் திருமுருகன் பாயை ஓடையில் விட்டுவிட்டு, பையைக் கையில் எடுத்தான்.

"திரு, பாய் போவட்டும். அந்தப் பைய மட்டும் எங்கிட்ட குடுப்பா," என்றார் புகழேந்தி.

திருமுருகன் பையோடு அவர் பக்கம் திரும்பினான். "எங்கப்பா போட்ட மனுவ மறந்துட்டீங்களா மாமா? இல்ல, மறக்காமதான் வந்து நிக்கறீங்களா?"

"மறக்கல. காப்பி வச்சிருக்கேன்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். திருமுருகனின் முகம் சிவந்தது. பையைத் தண்ணீரில் வீச ஓங்கினான். அவன் தாய் கிருஷ்ணவேணி முன்னால் வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"எம் புருஷன் பை. நான் உடறேன், குடு."

பையின் வாயை இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். தண்ணீர் ஓரம், துணி துவைக்கும் கல்லின் மேல், ஈரமில்லாத பக்கமாக வைத்தாள்.

"உட்டாச்சு. யாரும் திரும்பிப் பாக்காம நடங்க. பாத்தா ஆவாது."

சடங்கு செய்தவர் தயங்கினார். "தண்ணியில உடணுமே தாயி..."

"மழ வந்தா தண்ணியே வந்து எடுத்துக்கும். நடங்க, ஜல்தியா எல போடணும்."

துறையில் விட்டதைத் திரும்பிப் பார்ப்பது ஊரில் யாருக்கும் வழக்கமில்லை. அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பாமல் போனார்கள், திருமுருகனும்தான். கடைசி ஆள் வரப்பு தாண்டும் வரை பொறுத்திருந்து, புகழேந்தி பையை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குள் போனார். தாளை விரித்து எண்ணினார். ஆன்டிபயாடிக் மட்டும் மூன்று விதம். முதலாவதில் ஐந்து நாள் தின்றதற்கு அடையாளம், இரண்டாவதிலும் அப்படியே, மூன்றாவது அட்டை பாதியில் நின்றிருந்தது. எந்த மருந்தும் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. எந்தத் தண்ணீர், எந்தக் கிருமி, யார் சொல்ல முடியும்? அந்த மனிதர் மேல் மூன்று ஆண்டுகளாக வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தார். அந்த அட்டைகளின் முன் அது கிடைக்கவில்லை. பட்டியலில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதவர், கொடுத்தவர் பெயர் என்ற இடத்தை அன்று எழுதாமல் விட்டார். கொடுத்ததாக யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே அந்த அம்மாள் அப்படிச் செய்தாள்!

கைபேசி அடித்தது. திருமுருகன்.

"மாமா, கொழாயில தண்ணி வரல. சமையக்காரரு கத்தறாரு."

"இதோ போடறேன்பா."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்லும் சத்தம். பிறகு திருமுருகன், சற்றே முறைப்பாக: "அம்மா உங்களையும் அத்தையையும் சாப்பிட வரச் சொல்லுது."

"நீ கூப்பிடறியா?"

"அதான் போன் போட்டுக்கினு கீறேன்ல?"

"மொதல்ல தண்ணி ஏறட்டும். அரை மணியில வர்றோம்," என்று சொல்லிவிட்டுப் புகழேந்தி சுவிட்சைப் போட்டார்.