எந்த வீட்டுப் பூச்சி

குனிந்தபடியே பேசுகிறார் யூஜினா. இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் இரண்டு லய வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடும் சாக்கடைக் கானோரம். குச்சியால் நாய்ப்பீயில் கொஞ்சம் வழித்துச் சின்னக் குப்பியில் போட்டு மூடுகிறார். "ஈரமா கெடைச்சா நல்லதுங்க. காஞ்சு போச்சுன்னா முட்டையெல்லாம் வீணாயிரும்." பக்கத்தில் தேநீரோடு நின்ற நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

நாடாப்புழுக்களின் மரபணுவை ஆராய்வது அவர் வேலை. வாரநாட்களில் பல்கலைக்கழக ஆய்வுகூடம். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில், பிறந்து வளர்ந்த இந்த லயத்துக்குத் திரும்பிவிடுவார். கைப்பையில் சீப்பு, ஜெபமாலை, ஸ்பிரிட்டில் மிதக்கும் புழுக்கள். கல்யாணப் பந்தியில் யாராவது விசாரித்தால்கூடச் சுற்றி வளைப்பதில்லை. "நாய் வயித்துப் பூச்சி பாக்குறேங்க" என்பார். மரபணு என்றால் என்னவென்று நான் கேட்டதற்கு, "எந்த வீட்டுப் புள்ளன்னு பூச்சிகிட்டயே கேக்குறது" என்றார்.

போன மழைக்காலத்தில் அதே லயத்து ஜீவராணியின் மூன்று வயது மகளுக்கு, வெள்ளரி விதை போன்ற துணுக்குகள் மலத்தில் நெளிந்தன. மருந்து கொடுத்ததும் பிள்ளை தேறிவிட்டாள். லயம்தான் அடங்கவில்லை. பழி முதலில் ஆண்டியப்பனின் கறுத்த நாய்மேல் விழுந்தது. பிறகு எல்லா நாய்கள்மேலும். விஷம் வைப்பதென்று முடிவாயிற்று. மனைவி இறந்தபின் ஆண்டியப்பனுக்கு வீட்டில் அந்த நாயைத் தவிர வேறு துணை இல்லை.

யூஜினா தோட்டத் தலைவர் கணேசமூர்த்தியிடம் போய் நின்றார். "ஒரு வாரம் பொறுங்கண்ணே. நாய்தான்னா நானே வந்து சொல்றேன்."

"சரிம்மா. அதுக்கு மேல என்னால சனத்தப் புடிச்சு வைக்க ஏலாது."

பிள்ளையிடமிருந்து எடுத்த துணுக்கோடு ஆய்வுகூடத்துக்குப் போனார். அந்த வாரம் சோறு இறங்கவில்லை என்றார் என்னிடம். "நாய்னு வந்துட்டா என் வாயாலதானங்க சொல்லணும்?"

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் கூட்டம். நானும் இருந்தேன். ஆண்டியப்பன் நாயைக் கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யூஜினா எழுந்து முன்னால் வந்தார்.

"இந்தப் பூச்சி நாய்கிட்டயும் இருக்கு, பூனகிட்டயும் இருக்கு. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், உள்ளுக்க வேற. புள்ளகிட்ட இருந்தது பூன வகைங்க. பூன மேல இருக்க தெள்ளுப்பூச்சிய புள்ள தெரியாம முழுங்கியிருக்கு. கொல்றதா இருந்தா தெள்ளுப்பூச்சியக் கொல்லுவோம். நாய், பூன எல்லாத்துக்கும் மருந்து கொண்டாந்திருக்கேன்."

ஆண்டியப்பன் நாயின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"அப்ப எந்த வீட்டுப் பூன?" பின்னாலிருந்து ஒரு குரல்.

நாய்களைக் கொல்லச் சொல்லி எல்லோரையும்விடச் சத்தம் போட்டவள் ஜீவராணி. அவள் வீட்டுப் பூனை பிள்ளையின் போர்வைக்குள்தான் தூங்கும். அவள் தலை தாழ்ந்தது. யூஜினா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க வீட்டுலருந்தே தொடங்குவோம். அம்மா, நம்ம பூனையத் தூக்கிட்டு வாங்க."

அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் டோரீன், பூனையை மார்போடு அணைத்து, தலை நிமிர்ந்து கூட்டத்தின் நடுவே நடந்து வந்தார். மகள் அதன் வாயைத் திறந்து முதல் மாத்திரையைப் போட்டு, அது விழுங்கும்வரை கழுத்தை மெல்லத் தடவிக்கொடுத்தார்.