போலரைசர் காட்டிய பள்ளம்

என் டெலி லென்ஸுக்கு ஃபில்டர் வாங்க ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கேமரா கடைக்குப் போயிருந்தேன். சாதாரணக் கறுப்பு ஃபில்டரை எடுக்கப் போனேன். கடைக்காரர் போலரைசர் என்ற வேறொரு ஃபில்டரை நீட்டி, "இதத் திருப்பிப் பாருங்க" என்றார். ஷோகேஸ் கண்ணாடியின் மினுக்கம் மறைந்து உள்ளே இருந்ததெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அதையே வாங்கினேன்.

அந்த ஞாயிறு, தாராபுரத்தில் மைத்துனர் வீட்டு விருந்து முடிந்து அவரோடு அமராவதி ஆற்றுக்குப் போனோம். என் மனைவி ஆற்றில் இறங்கி, "ஏனுங்க, முழங்கால் தண்ணிதானுங்க, படம் புடிங்க!" என்றபடி பின்னோக்கி நடந்தாள். மேட்டில் நின்று லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டே ஃபில்டரைத் திருப்பினேன். தண்ணீரின் பளபளப்பு விலகியது. அவளுக்குச் சற்றுப் பின்னால் மணல் முடிந்து, கறுப்பாக ஒரு பள்ளம் தெரிந்தது.

"அம்மணி, நில்லு! பொறவால குழி!" என்று கத்தினேன். அவள் அப்படியே நின்றாள். மைத்துனர் ஓடிப்போய் அவளைக் கரைக்கு இழுத்து வந்தார். பிறகு அங்கே ஒரு நீள மூங்கிலை விட்டுப் பார்த்தார். அடி தட்டவில்லை.

"மணல் அள்ளுன குழிங்க, மச்சான்" என்றார்.

இப்போதெல்லாம் எந்த ஆற்றுக்குப் போனாலும் முதலில் ஃபில்டரைத் திருப்பித் தண்ணீரைப் பார்க்கிறேன். கழி விட்டு ஆழம் பார்த்த பிறகே யாரையும் இறங்க விடுகிறேன். என் மனைவிக்கு ஆற்றின் மீது பயம் வரவில்லை. கரையில் நின்று, "எறங்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்குகிறாள்.