மறுநாள் தேதி

பிரேசில் நாட்டில் பெர்னாம்புகோ என்றொரு மாநிலம். அங்குள்ள அருங்காட்சியகங்களும் கலை மையங்களும் அருமைநாயகத்துக்கு அத்துப்படி. எது திங்கட்கிழமை பூட்டிக் கிடக்கும், எதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் ஆளை விடுவார்கள், எங்கே களிமண் பொம்மைகள், எங்கே திருவிழாவில் தோளில் தூக்கிவைத்து ஆடும் பெருந்தலைப் பொம்மைகள், எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லுவார். அவர் மேனேஜராக இருக்கும் லாட்ஜிலிருந்து கூப்பிடு தூரத்தில் குற்றாலத்து அருங்காட்சியகம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் அதற்குள் ஒரு நாள் கால் வைத்ததில்லை.

பெர்னாம்புகோவுக்கு அவர் போவது போனில்தான். காலையில் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே சுற்றிப் பார்க்கப் போனவர்கள் எடுத்துப் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்குவார். சிலையையோ ஓவியத்தையோ பார்ப்பதில்லை. பின்னால் நிற்கிறவர்கள், தூணுக்குப் பக்கத்தில் பாதி முகம் தெரிகிறவர்கள், முதுகு காட்டிப் போகிறவர்கள், இவர்களைத்தான் பார்ப்பார். அவர் மகன் பிரின்ஸ் அந்தக் கூட்டத்தில் எங்காவது நிற்க வேண்டும். ஒன்பது மாதமாக நிற்கவில்லை.

பிரின்ஸுக்குச் சரக்குக் கப்பலில் டெக் வேலை. போன செப்டம்பரில் சர்க்கரை ஏற்றுவதற்காக பெர்னாம்புகோவின் தலைநகரான ரெசிஃபே துறைமுகத்தில் ஆறு நாள் கப்பல் நின்றது. கூட வேலை பார்த்தவர்கள் கரையில் இறங்கியதும் கடைகண்ணி என்று போனார்கள். இவன் மட்டும் அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக ஏறி இறங்கினான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஊருக்கு வருகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தானும் ஒரு ஊரில் சுற்றுலாக்காரனாக நிற்க வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு படமாக அப்பாவுக்கு அனுப்பினான். "உள்ள போனா நம்ம அருவிக்கரை மாதிரி ஜில்லுன்னு இருக்குப்பா" என்று ஒன்றில் எழுதியிருந்தான். பன்னிரண்டாம் தேதி அவன் அனுப்பியதுதான் கடைசி: "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. பாத்துட்டுக் கப்பல் ஏறிருதேன்."

அன்று இரவு பதினோரு மணிக்குக் கப்பல் கிளம்பியது. பதிமூன்றாம் தேதி காலையில் ஆள் கணக்கெடுத்தபோது பிரின்ஸ் இல்லை. பன்னிரண்டாம் தேதி இரவு எட்டு நாற்பதுக்கு அவன் கப்பல் ஏறியதாக, ஏறி இறங்குகிறவர்கள் பெயர் பதியும் ஏணிப்படி நோட்டில் கையெழுத்து இருப்பதாகவும், ஆகவே நடுக்கடலில் விழுந்திருக்க வேண்டும் என்றும் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபத்தாறு வயதுப் பிள்ளையை மூன்றே வரியில் முடித்திருந்தார்கள்.

அருமைநாயகம் அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் லாட்ஜ்காரர். பத்துப் பேர் கும்பலாக வந்தால் ஒருத்தன்தான் பத்துப் பேருக்கும் சேர்த்துக் கையெழுத்தைக் கிறுக்குவான் என்பது அவருக்குத் தெரியாதா? பிரின்ஸ் கப்பலே ஏறவில்லை, கூட்டாளி எவனோ அவனுக்காகப் போட்ட கையெழுத்து அது என்று முடிவு கட்டிவிட்டார். அப்படியானால் ஏன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்று கேட்டவர்களுக்கு, போன் திருட்டுப்போயிருக்கும், பாஸ்போர்ட் கப்பலில் மாட்டியிருக்கும், ஜெயிலில் போட்டிருப்பார்கள் என்று ஆளுக்கொரு பதில் சொன்னார். அவற்றில் ஒன்றைக்கூட அவரே முழுதாக நம்பவில்லை.

ஆனால் ஒன்றை நம்பினார். ஒரு கட்டடத்துக்குள் ஒரு மனுஷன் நுழைந்தால் அவன் பெயர் ஏதோ ஒரு புத்தகத்தில் இருந்தே தீரும். எந்த அருங்காட்சியகத்தின் வருகைப் புத்தகத்திலாவது பதிமூன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிரின்ஸின் பெயர் இருந்தால் போதும். கப்பல் போன பிறகும் அவன் கரையில் உயிரோடு இருந்தான் என்று அர்த்தம்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜாஹிரா பீவிதான் அவருக்குக் கடிதம் அனுப்பித் தந்தாள். இவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் அடித்து, கம்ப்யூட்டர் அதைப் போர்த்துகீசியத்துக்கு மாற்றும். பிரின்ஸின் போட்டோவையும் கையெழுத்து மாதிரியையும் சேர்த்து இருபத்தொரு இடங்களுக்கு அனுப்பினார்கள். பாதிப்பேர் பதிலே போடவில்லை. மற்றவர்கள் டிக்கெட் மட்டும்தான் கிழிப்போம், புத்தகம் வைப்பதில்லை என்றார்கள். "புஸ்தகம் இல்லாம எப்படிம்மா ஒரு எடத்த நடத்துதான்?" என்று அருமைநாயகத்துக்குக் கோபமே வந்தது.

அவருடைய புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். லாட்ஜ் ரிஜிஸ்டரில் பெயர், ஊர், வந்த தேதி, மணி, வந்த காரியம், காலி செய்த தேதி என்று வரிசையாகக் கட்டங்கள். வந்த காரியத்துக்கு நேரே எல்லாரும் ஒரே மாதிரி 'குளிக்க' என்றுதான் எழுதுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய பக்கத்தில் அடிக்கோடு போட்டு முதலாளி வீட்டுக்குப் பட்டியல் அனுப்புவது அங்கே வழக்கம். ஆறு மணிக்கு மேல் எவர் படியேறினாலும் மறுநாள் தேதிதான். "இன்னைக்கு எட்டாந்தேதில்லா?" என்று வந்தவர் விழித்தால், "எங்களுக்கு ஒம்பது ஆயிட்டு" என்பார் அருமைநாயகம். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு.

ஜூன் கடைசியில், சாரல் பிடித்து லாட்ஜில் ஒரு அறைகூடக் காலியில்லாத வாரத்தில், ஜாஹிரா பீவி போன் பண்ணினாள். "அண்ணாச்சி, உடனே வாங்க. ஒரு எடத்துலேந்து போட்டோ வந்துருக்கு."

குடையை எடுக்கவும் மறந்து பஸ் ஏறிப் போனார். துறைமுகத்துக்குப் பக்கத்து மலைமேல் ஒரு பழைய கட்டடத்தில், பெருந்தலைப் பொம்மைகள் வைத்து நடக்கிற சின்னக் கலை மையம் அது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஜாஹிரா அந்த ஒரு வரியை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருந்தாள். பிரின்ஸின் கையெழுத்தேதான். ஆங்கிலத்தில் பெயர். பக்கத்திலேயே தமிழில் 'குற்றாலம்'. தேதி 13. மணி 7.10. ஓரத்தில் தமிழில் ஒரு வார்த்தை: குளிக்க.

அருமைநாயகம் சிரித்தார். அந்தப் போக்கிரி பிரேசிலில் போய், எவனுக்கும் விளங்காத இடத்தில், அப்பனை நினைத்து ஒரு கேலி எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறான். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே தேம்பி அழுதார்.

"பதிமூணு போட்டுருக்கு அண்ணாச்சி! கப்பல் பன்னெண்டுலயே போயிட்டுல்லா?" ஜாஹிராவுக்கும் கண் நிறைந்துவிட்டது. "பிள்ள உசுரோடதான் இருக்கான். அல்லா கைவிடல."

கடை வாசலில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி ரெபேக்காள் ஒன்பது மாதமாக யாரிடமும் உரக்கப் பேசாதவள். நினைவு ஆராதனை வைத்துவிடலாமே என்று போதகர் மூன்று முறை கேட்டபோதும், அவர் சொல்லும் அன்றைக்குத்தான் என்று புருஷனைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டவள். அவள் இப்போது போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஏங்க, போதகர் ஐயாகிட்ட சொல்லிருதேன். இந்த ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரக் காணிக்க போடணும்."

லாட்ஜுக்குத் திரும்பியபோது ஐந்தேமுக்கால். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அறைகளைப் பெருக்கித் துடைக்கும் முத்துவடிவிடம் சங்கதியைச் சொன்னார். அவள் கும்பிட்ட கையோடு போய்ச் சூடாகக் காப்பி வாங்கிவந்தாள். அடிக்கோடு போட்டார். பட்டியலை அனுப்பினார். வருஷக்கணக்கில் வராத பாட்டு வாயில் வந்தது.

ஆறரை மணிக்கு ஒரு அறை காலியாயிற்று. சாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், தலை துவட்டாமல், அதற்காகவே காத்து நின்றது. பெயர் கேட்டார், எழுதினார். ஊர் கேட்டார், எழுதினார். அன்று இருபத்தெட்டு. அவர் கை தானாக இருபத்தொன்பது என்று எழுதியது. மணி 6.30.

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"ஐயா, சாவி?" என்றார் வந்தவர். அருமைநாயகத்துக்குக் காது கேட்கவில்லை. போனை எடுத்து, ஜாஹிரா அனுப்பியிருந்த படத்தை முழுதாக விரித்தார். மேல் வரியில் யாரோ ஒரு பெண்பிள்ளை, 12. அதற்கு மேலும் 12. நடுவில் பிரின்ஸ், 13, மணி 7.10. கீழே ஒரு குடும்பம் நாலு பேர், 12, 12, 12, 12. அந்தப் பக்கம் முழுக்க அவன் ஒருவன்தான் மறுநாளில் இருந்தான். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் ஏழு பத்துக்குப் பொம்மைகளைப் பார்த்துவிட்டு, எட்டு நாற்பதுக்குக் கப்பலேறி, கையெழுத்தும் அவனே போட்டிருக்கிறான். இருபத்தொரு கடிதம் எழுதி, கம்பெனிக்காரன் சொன்னது சரி என்று அருமைநாயகம் தானே நிரூபித்துவிட்டார். ரிஜிஸ்டரை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சாவியை முத்துவடிவுதான் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் கொடி நிறையப் பிரின்ஸின் சட்டைகள். சாரல் ஈரத்தில் காயாது என்று தெரிந்தும் எல்லாவற்றையும் துவைத்து வீட்டுக்குள்ளேயே குறுக்கும் மறுக்குமாகத் தொங்கவிட்டிருந்தாள் ரெபேக்காள். "பொட்டி வாடை அடிக்குதுங்க. வந்தா மாத்துததுக்கு வேணும்லா" என்றாள்.

அவர் நின்ற நிலையிலேயே சொன்னார். "ரெபேக்கா, அவன் அங்கன போனது சாயங்காலம் ஏழு பத்துக்கு."

"அதுக்கென்ன?"

"ஆறு மணிக்கு மேல வந்தா மறுநா தேதி."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. கையில் இருந்த சட்டையை உதறிக் கொடியில் போடப் போனாள். அப்புறம் மெதுவாக, "ஆறாங்கிளாஸ்ல வீட்டுப்பாட நோட்டுல மறுநா தேதி போட்டுப் போட்டு டீச்சர்கிட்ட அடி வாங்கிட்டு வருவான்" என்றாள். "எங்கப்பா இப்படித்தான் எழுதச் சொன்னாங்கன்னு அழுவான்."

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் அருமைநாயகம்.

அவள் ஈரத்தோடு ஒவ்வொரு சட்டையாக எடுத்து மடித்தாள். அவர் உதவிக்குப் போனார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள்.

ஸ்தோத்திரக் காணிக்கைக்குக் குறித்த அதே ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, அருமைநாயகம் போதகர் முன்னால் போய் நின்றார். நினைவு ஆராதனைக்கு நாள் குறிக்கச் சொன்னார். போதகர் சபைப் புத்தகத்தைத் திறந்தார். பெயர் எழுதினார். தகப்பன் பெயர் எழுதினார். இறந்த தேதி என்ற கட்டத்தில் தயங்கினார்.

"கடைசியா ஆளப் பாத்தது பன்னெண்டு ராத்திரி. இல்லன்னு தெரிஞ்சது பதிமூணு காலைல. எதப் போட?"

அருமைநாயகம் கட்டத்தைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாகத் தேதிகளை எழுதிவந்த மனுஷருக்கு அந்த ஒரு கட்டத்தை அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"பதிமூணுன்னே போடுங்கய்யா" என்றார். "அவன் கையால எழுதுன தேதி."